சத்தம் போடாத டேப்பெட்

கல்கத்தாவாசிகளான நமக்கு அம்பாசிடர் காரைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஹௌரா ஸ்டேஷனில் மெயிலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு மஞ்சள் டாக்சியில் ஏறி இந்த ஊருக்குள் நுழைந்தவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். உத்தர்பாராத் தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அந்தக் காரின் உற்பத்தி நின்றுபோயிற்று. மிச்சமிருக்கும் மஞ்சள் டாக்சிகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. ஆனால் அந்த அம்பாசிடர் எஞ்சினுக்கு ஓட்டப்பந்தயக்காரத் தம்பி ஒருவன் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தத் தம்பியின் பெயர் எம்.ஜி.பி. இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொடக்கூடியது. அம்பாசிடரில் 1959 முதல் பல்லாண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை. இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஒன்றே: 88.9 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டம் மட்டும் அம்பாசிடரில் 73 மில்லிமீட்டர், எம்.ஜி.பி.யில் 80.26 மில்லிமீட்டர். பாத்திரத்தின் உயரம் அதேதான், வாய் மட்டும் அகலம். அதோடு இரட்டைக் கார்புரேட்டரையும் கூடுதல் கம்ப்ரெஷனையும் சேர்த்தால் டாக்சி எஞ்சின் ஸ்போர்ட்ஸ் எஞ்சினாகி விடுகிறது.

இந்த வம்சாவளியை இப்போது எதற்கு எடுத்தேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் உறுப்பினர்கள் சிலரின் வீடுகளில் பழைய கார்கள் இன்னும் நிற்கின்றன. அப்பா வாங்கியது, மாமனார் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 வயது தாண்டிய கார்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுக்குச் செல்லும். தினசரி ஓட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் மூல உருவில் பேணப்பட்டிருக்க வேண்டும். ஆகவே, பழைய எஞ்சின் மக்கர் செய்கிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய ஜப்பான் எஞ்சினை மாட்டினால், கார் ஓடும். ஆனால் அது பழைய கார் என்ற தகுதியே கேள்விக்குறியாகிவிடும்.

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, வேலைக்காலத்தின் பெரும்பகுதியை டீசல் லோகோ ஷெட்டில் கழித்தவன். 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின்களோடு பழகியவனுக்கு நாலு சிலிண்டர் கார் எஞ்சின் பொம்மை மாதிரிதான் தெரியும். ஆனால் பேணுகிற சாஸ்திரம் இரண்டுக்கும் ஒன்றே. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

காலம் செய்த மூன்று மாற்றங்கள்

பழைய எஞ்சின் அப்படியேதான் இருக்கிறது. அது குடிக்கும் பெட்ரோலும் எண்ணெயும்தான் மாறிவிட்டன. இதைப் புரிந்துகொள்ளாமல், "முப்பது வருஷமாக இப்படித்தானே ஓட்டினோம்" என்று இருப்பவர்களின் எஞ்சின்கள்தாம் இன்று பட்டறைக்கு வருகின்றன.

முதல் மாற்றம், பெட்ரோலில் ஈயம் நின்றது. அந்தக் காலப் பெட்ரோலில் எஞ்சின் 'நாக்' செய்யாமலிருக்க ஈயக் கலவை சேர்ப்பார்கள். நம் நாட்டில் நான்கு பெருநகரங்களில் 1995-இல் ஈயமில்லாப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் அதுவே. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அதை நிறுத்தியது மிகச் சரியான காரியம். ஆனால் அந்த ஈயம் எஞ்சினுக்குள் வேறொரு வேலையும் செய்துவந்தது. எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு செக்கச் சிவக்கக் காய்ந்து, தன் இருக்கையில் நிமிஷத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் வந்து உட்காரும். நடுவில் ஈயச் சேர்மங்கள் மெல்லிய படலமாகப் படிந்து இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ளாமல் காத்தன. எம்.ஜி.பி.யில் அந்த இருக்கை தனி வளையம் அல்ல. ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தது. ஈயப் படலம் போனதும், சூடான வால்வு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்கைப் பிய்த்துக்கொண்டு எழுகிறது. நாளடைவில் இருக்கை தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் இது நிதானமாக நடக்கும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரட்டினால் வேகமாக நடக்கும்.

இரண்டாவது மாற்றம், எஞ்சின் ஆயில். காம்ஷாஃப்டின் முட்டை போன்ற மேடு, தட்டையான டேப்பெட்டின் அடியில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு சுழலும் அமைப்பு இந்தப் பழைய எஞ்சின்களுடையது. அந்த அழுத்தத்தைத் தாங்க, எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் வேண்டும். ஆனால் பாஸ்பரஸ் இன்றைய கார்களின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அதனால் புதிய கார்களுக்கான இளகிய எண்ணெய்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். விலை உயர்ந்த, தண்ணீர் போன்ற புது எண்ணெயை ஊற்றினால் பழைய எஞ்சினுக்கு நல்லது செய்கிறோம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவது மாற்றம், எத்தனால். 2022-இல் நம் பெட்ரோலில் பத்து சதவீதம் கலக்கும் இலக்கை எட்டினார்கள். 2025-இல் இருபது சதவீதமாயிற்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் வளையங்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். இன்னொன்று, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், இருபது சதவீதக் கலவைக்கு 13.5 கிலோ போதும். அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் திருகி வைத்த கார்புரேட்டர் இதை அறியாது. அது பழைய அளவில்தான் கொடுக்கும். விளைவு, கலவை எட்டு சதவீதம் அளவுக்கு வறண்டுபோகிறது. வறண்ட கலவை என்றால் எஞ்சினுக்குக் கூடுதல் சூடு. சூடு கூடினால் முதலில் அடிபடுவது மேலே சொன்ன அதே எக்ஸாஸ்ட் வால்வுதான்.

சத்தம் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்

இனி, தலைப்புக்கு வருகிறேன். வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடவேண்டும். இதைத்தான் டேப்பெட் கேப் என்கிறோம். எம்.ஜி.பி.க்கு எஞ்சின் ஆறியிருக்கும்போது 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, மில்லிமீட்டரில் 0.38. சூட்டில் உலோகம் நீளும். அதற்கு இடம் விடுவதற்காகவும், வால்வு முழுமையாக மூடி உட்காருவதற்காகவும் இந்த இடைவெளி.

இடைவெளி கூடிவிட்டால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அது தையல் மிஷின் ஓடுவது மாதிரி இருக்கும். உடனே வண்டிக்காரர் மிஸ்திரியிடம் போவார், மிஸ்திரி டைட் செய்வார், சத்தம் நின்றுவிடும். எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இடைவெளி குறைந்தால் என்ன ஆகும்? எந்தச் சத்தமும் வராது. எஞ்சின் முன்னைவிட அமைதியாக ஓடுவதாகக்கூடத் தோன்றும்.

வால்வு இருக்கைக்குள் அமிழும்போது நடப்பது இதுதான். வால்வின் தலை ஹெட்டுக்குள் போகப் போக, தண்டின் மறுமுனை ராக்கர் பக்கமாக எழும்புகிறது. 15 தௌ, 12 தௌவாகும், 8 ஆகும், ஒருநாள் பூஜ்யமாகும். அதற்குப் பிறகு வால்வு முழுதாக மூடவே முடியாது. வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கி வைப்பது, மூடியிருக்கும் நேரத்தில் இருக்கை வழியாகத்தான். அந்த வழி அடைபட்டால், கசியும் நெருப்பு விளிம்பை அரித்துத் தின்றுவிடும். ஆகவே பழைய எஞ்சின்காரர்களுக்கு நான் சொல்வது, சத்தம் போடுகிற டேப்பெட்டைவிடச் சத்தம் போடாத டேப்பெட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். பி சீரிஸ் எஞ்சினில் எட்டு வால்வுகள் ஒரே வரிசையில் இருக்கும். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்டேக். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு 'ஒன்பது கணக்கு' என்று ஓர் எளிய வழி உண்டு. எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதை அளக்கவேண்டும்; ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை; நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுலபமாகச் சுழலும். ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நுழைந்து வெளிவர வேண்டும். ராக்கரின் நுனி தேய்ந்து குழி விழுந்திருந்தால் கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம் போலக் கிடந்து, உள்ளதைவிடக் குறைந்த அளவைக் காட்டும். நுனியை விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காரின் கதை

நம் சங்கத்து நண்பர் ஒருவரிடம் 1967-ஆம் வருடத்து எம்.ஜி.பி. ஒன்று இருக்கிறது. அவருடைய மாமனார் தேயிலைக் கம்பெனியில் இருந்தபோது, ஊர் திரும்பிய வெள்ளைக்கார மானேஜரிடம் வாங்கியது. சென்ற வருடம் அது இழுக்கவில்லை, குலுங்குகிறது என்று ஒரு பட்டறையில் விட்டார். "எஞ்சின் முடிந்துவிட்டது. போர் செய்தாலும் நிற்காது. வேறு எஞ்சின் போட்டுத் தருகிறோம்" என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மனைவிக்கோ அது அப்பாவின் கார். "சார், நீங்க ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் என்ன வேணா செய்யட்டும்" என்றார் அந்த அம்மாள்.

எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால் அதை அளக்க வேண்டும் என்பது ஷெட்டில் படித்த முதல் பாடம். கம்ப்ரெஷன் கேஜை வைத்து நான்கு சிலிண்டர்களையும் பார்த்தோம். 1, 2, 4 மூன்றும் 150-ஐ ஒட்டி இருந்தன. மூன்றாவது மட்டும் 90. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். முள் அதே 90-இல் நின்றது.

இந்தப் பரிசோதனையின் பொருளை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. எண்ணெய் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கிறது. ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. எந்த எண் சரியான எண் என்பதைவிட, நான்குக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும்.

ராக்கர் கவரைத் திறந்தோம். ஐந்தாவது வால்வில், அதாவது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில், மிக மெல்லிய ஃபீலர் கேஜ்கூட நுழையவில்லை. இந்த ஹெட்டில் 4, 5 இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே வழியில் புகையை விடுகின்றன. ஹெட்டிலேயே அதிகச் சூடான இடம் அதுதான். வியாதி அங்கே முதலில் தலைகாட்டியதில் ஆச்சரியமில்லை.

வயதான அம்பாசிடர் உஸ்தாத் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் எம்.ஜி.பி.யைக் கையால் தொட்டதே இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஆள்தானே பாபு, ரெண்டு கார்புரேட்டர் கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஹெட்டை இறக்கினார். பார்த்தால் அந்த இருக்கை வெளிப்படையாகப் பள்ளம் விழுந்திருந்தது. வால்வின் விளிம்பு ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. சிலிண்டர் சுவர்கள் நன்றாகவே இருந்தன. லேத் பட்டறையில் நான்கு எக்ஸாஸ்ட் இருக்கைகளையும் குடைந்து, கடினப்படுத்திய உலோக வளையங்களை இறுக்கிப் பொருத்தினார்கள். புது எக்ஸாஸ்ட் வால்வுகள், புது கேஸ்கெட். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று நான்கு சுற்றுகளில், டார்க் ரெஞ்சால் 50 பவுண்டு-அடி வரை இறுக்கினோம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கி, டேப்பெட்டையும் மறுபடி அளந்தோம்; ஹெட் இறுகினால் அந்த இடைவெளியும் மாறும். மொத்தச் செலவு, அந்தப் பட்டறை கேட்ட தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கார் தன் சொந்த எஞ்சினோடு ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி என்பதால் அம்பாசிடர் பாகமெல்லாம் எம்.ஜி.பி.க்குப் பொருந்தும் என்று மல்லிக் பஜாரில் அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிஸ்டன் வேறு, கிராங்க்ஷாஃப்ட் வேறு. இரண்டுக்கும் பொதுவானது வேலை தெரிந்த கை. அதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

வரிசை மாறக் கூடாது

டியூனிங் என்றதும் பலரும் முதலில் கார்புரேட்டரைத் திருகுவார்கள். அது கடைசியில் தொட வேண்டியது. முதலில் கம்ப்ரெஷன், பிறகு டேப்பெட், பிறகு பிளக்கும் பாயின்ட்டும், பிறகு டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைச் சார்ந்து நிற்கிறது. கசியும் வால்வைக் கார்புரேட்டரால் குணப்படுத்த முடியாது.

பிளக் இடைவெளி 25 தௌ. டிஸ்ட்ரிப்யூட்டர் பாயின்ட் இடைவெளி, டேப்பெட்டைப் போலவே 15 தௌ. பாயின்ட்டைச் சரிசெய்த பிறகே டைமிங். பாயின்ட் அகலமானால் முன்னதாகத் திறந்து டைமிங்கும் முன்னே போய்விடும். பாயின்ட்டோடு இணைந்த கம்பி முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பைப் பிடித்து, சாவியைப் போட்டு எஞ்சினைக் கையால் சுழற்றினால், பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்தக் காலத்து எம்.ஜி.பி.க்கு அது பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்பு. டைமிங் பின்தங்கினால் கலவை தாமதமாக எரிந்து, எக்ஸாஸ்ட் வால்வு சுடும், எஞ்சினும் காயும். ரேடியேட்டரைக் குற்றம் சொல்லும் பலர் டைமிங்கைப் பார்ப்பதில்லை.

கார்புரேட்டர் எஸ்.யு. வகை, இரண்டு. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூம்பு போல மெலியும் ஊசி. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் எழும்பும். ஊசியும் எழும்பி வழிவிடப் பெட்ரோல் அதிகமாகும். மேலே உள்ள சிறு மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அது வற்றினால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும். இரண்டும் சமமாகக் காற்றை இழுக்கின்றனவா என்று அறிய ஓர் அடி நீள ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து 'உஸ்' சத்தத்தை ஒப்பிடுங்கள். பிறகு கலவை. பக்கத்திலுள்ள சிறு பின்னால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி நிற்கப் போனால் குறைவு. ஒரு கணம் சற்று ஏறித் திரும்பினால் சரி. அடியிலுள்ள அறுகோண நட்டை, ஒரு தடவைக்கு ஒரு பட்டை அளவே திருக வேண்டும். இன்றைய எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய நிலையிலிருந்து சில பட்டைகள் கீழே இறக்க வேண்டியிருக்கும். வேகமாக ஓட்டும்போதும் வறட்சி தெரிந்தால், பருமன் குறைந்த ஊசி மாற்ற வேண்டிவரும்.

எத்தனாலைக் குறை மட்டும் சொல்லக் கூடாது; அது நாக்கிங்கைத் தடுக்கிறது. 8.8-க்கு 1 கம்ப்ரெஷன் உள்ள இந்த எஞ்சினுக்கு அது உதவிதான். ஆனால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய்களையெல்லாம் எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றியே ஆகவேண்டும். சூடான எக்ஸாஸ்ட் குழாய் அருகிலேயே இருக்கிறது. கசிந்தால் பழுதோடு போகாது, தீப்பற்றும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள்.

எண்ணெயும் தண்ணீரும்

எண்ணெய்க்கு 20 டபிள்யூ 50 என்ற பழைய மினரல் வகையே போதும். நம் ஊர் வெயிலுக்கும் பழைய பேரிங் இடைவெளிகளுக்கும் அதுவே பொருத்தம். டப்பாவில் கிரேடை மட்டும் பார்க்காமல், பாஸ்பரஸ் அளவு 0.10 சதவீதத்துக்குக் குறையாதது எது என்று விவரக்குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். ஃபில்டரோடு சேர்த்து சுமார் நாலேகால் லிட்டர் பிடிக்கும். 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சூடாக ஓடும்போது ஆயில் பிரஷர் 50 முதல் 80 பவுண்டு, ஐடிலில் 10 முதல் 25 இருக்க வேண்டும்.

நிற்கும் கார்களின் சொந்தக்காரர்கள் பலர், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷெட்டிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவார்கள். இது நல்லெண்ணத்தில் செய்யும் தீமை. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். எஞ்சின் முழுதாகச் சூடேறாவிட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் எண்ணெயில் கலந்து, அமிலமாகிப் பேரிங்குகளை அரிக்கும். வாரம் ஐந்து நிமிஷத்துக்குப் பதில், மாதம் ஒருமுறை முப்பது நாற்பது கிலோமீட்டர் சாலையில் ஓட்டி வாருங்கள்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை நிரப்பாமல், கூலன்ட் கலந்த சுத்த நீரை ஊற்றுங்கள். இரும்பு பிளாக்கில் ஐம்பது வருடத் துரு, பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றிச் சேறாகப் படிந்திருக்கும். பிளாக்கில் உள்ள வடிகால் திருகைத் திறந்தால் தண்ணீரே வராமல் அடைத்திருக்கும். கம்பியால் குத்தி அலசினால் காபி டிகாஷன் மாதிரி கொட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அது வேண்டாம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் மேலே சொன்ன தண்ணீர்த் தொல்லைதான் மிஞ்சும்.

நூறு பக்க நோட்டு

கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவானது. டீசல் ஷெட்டில் ஒவ்வொரு லோகோவுக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதன் எண்ணெயைக் குறித்த காலத்தில் எடுத்து லேபரட்டரிக்கு அனுப்புவோம். இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று எண்கள் வரும். ஒருமுறை வந்த எண்ணால் ஒன்றும் தெரியாது. மூன்று மாதமாக அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால், உள்ளே ஏதோ ஒரு பேரிங் தேய்கிறது என்று பொருள். வழியில் ரயில் நிற்பதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

உங்கள் காருக்கும் ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், எட்டு டேப்பெட் அளவுகள், நான்கு கம்ப்ரெஷன் அளவுகள், ஆயில் பிரஷர். 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ எழுதினால் போதும். டேப்பெட்டைச் சரிசெய்வதற்கு முன்னால் இருந்த அளவைத்தான் எழுத வேண்டும். பிறகு எப்போதும் 15 தானே இருக்கும். 1, 4, 5, 8 என்ற நான்கு எண்களும் நோட்டுக்கு நோட்டு அப்படியே இருந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள். அவற்றில் ஒன்று ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று தௌ குறைந்துகொண்டே வந்தால், வால்வு அமிழ ஆரம்பித்துவிட்டது. அப்போதே ஹெட்டை இறக்கினால் நான்கு வளையங்களோடு வேலை முடியும். இழுவை குறைந்து, குலுங்கி, நடுவழியில் நின்ற பிறகு இறக்கினால் வால்வும் போகும், சில சமயம் ஹெட்டும் வெடித்திருக்கும்.

அம்பாசிடர் எஞ்சினை அறிந்த உஸ்தாதுகளும் நம்மைப் போலவே வயதாகி வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்கும் புதுக் கார்களுக்குப் போய்விட்டார்கள். அது அவர்கள் பிழைப்பு. நம் வீட்டுப் பழைய எஞ்சின் இன்னும் இருபது வருடம் ஓட வேண்டுமானால், அதன் கணக்கு அவர்கள் கையில் மட்டும் இருக்கக் கூடாது. ஃபீலர் கேஜும் நோட்டும் வாங்க ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். சங்கத்தில் யாருக்காவது முதல் தடவை அளந்து பார்க்கத் துணை வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் சூடாவதற்கு முன்னால் வந்துவிடுகிறேன்.